ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு நன்கொடை நடை: முதல்முறை போகிறவர்களுக்கான தயாரிப்பு

கிளிமஞ்சாரோ உச்சி 5,895 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். இரண்டுக்குமே வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை, பனிக்கோடரி பிடிக்கவும் தெரிய வேண்டாம். நடந்தே போய்விடலாம் என்பதால், ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட நினைக்கும் பலரும் இப்படிப்பட்ட பாதைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் பெரும்பாலோருக்கு மலைப் பழக்கம் இருப்பதில்லை.

அவர்கள் சந்திக்கப்போகும் சிரமங்கள் இரண்டு வகை. நாள்கணக்கில் ஏறி இறங்கும் உடல் உழைப்பு ஒன்று. அதற்கு வீட்டிலிருந்தபடியே தயாராகலாம், நான்கு மாதம் போதும். மற்றொன்று காற்றழுத்தம் குறைவதால் வருவது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. இதற்கு உடல் பழகுவது மலையில்தான், அதுவும் மெதுவாக ஏறினால்தான். மாரத்தான் ஓடுபவருக்கும் உயரநோய் வரும். சொல்லப்போனால் நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கு ஓர் ஆபத்து கூடுதல்: மூச்சு வாங்காமல் வேகமாக ஏறிவிட முடிவதால், உடல் பழகுவதற்குள் மிக உயரத்தில் போய் நின்றுவிடுகிறார்கள்.

பயிற்சியால் என்ன பயன் என்றால், ஒவ்வொரு நாளும் முகாமுக்குப் போய்ச் சேரும்போது உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில்தான் சாப்பிடவும், தண்ணீர் குடிக்கவும், தூங்கவும், தன் நிலையைத் தானே கவனிக்கவும் முடியும்.

பெயர் கொடுப்பதற்கு முன்

பயண நிரலை வாங்கியதும் ஊர்ப் பெயர்களையும் படங்களையும் விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பகலில் எவ்வளவு ஏறினாலும் உடலுக்கு முக்கியம் தூங்கும் உயரம்தான். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும்.

எவரெஸ்ட் பாதையின் வழக்கமான நிரல் இந்த விதியை ஒட்டியே அமைந்திருக்கிறது. நாம்சே பஜாரில் (3,440) இரண்டு இரவு, தெங்போச்சேயில் (3,860) ஓர் இரவு, டிங்போச்சேயில் (4,410) இரண்டு இரவு, பிறகு லோபுச்சே (4,940), கோரக் ஷெப் (5,164). ஓரிரு இடங்களில் ஏற்றம் 500-ஐத் தாண்டினாலும், நடுவில் இருக்கும் ஓய்வு நாட்கள் அதை ஈடுகட்டுகின்றன. கிளிமஞ்சாரோவின் மரங்கு பாதையில் ஐந்து நாள் நிரலைப் பாருங்கள்: மாண்டாரா சுமார் 2,700, ஹொரொம்போ 3,700, கிபோ 4,700, அன்று நள்ளிரவே உச்சி நோக்கிப் புறப்பாடு. ஓர் இரவுக்கு ஆயிரம் மீட்டர் ஏற்றம். செலவு குறைவு, விடுப்பும் குறைவாகப் போதும் என்பதற்காக இதை எடுக்காதீர்கள். அதே மலைக்கு லெமோஷோ போன்ற பாதைகளில் ஏழு, எட்டு நாள் நிரல்கள் உண்டு. கூடுதல் நாட்களுக்குக் கொடுக்கும் பணம்தான் இந்தப் பயணத்திலேயே சரியாகச் செலவாகும் பணம்.

நிரல் பிடித்திருந்தால் மருத்துவரிடம் போங்கள். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம், நீரிழிவு, கர்ப்பம், முன்பு எப்போதாவது வந்த உயரநோய் எதையும் மறைக்க வேண்டாம். ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், மெல்லிய காற்றில் அது இரட்டைச் சுமை. இப்போதே கண்டுபிடித்தால் சரிசெய்ய மாதங்கள் கையில் இருக்கும்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும் என்பது ஒன்று, ஹெலிகாப்டரில் கீழே இறக்கும் செலவு அடங்குமா என்பது மற்றொன்று. சாதாரணப் பயணக் காப்பீடு பலவும் மலைநடையை ஒரு குறிப்பிட்ட உயரத்தோடு நிறுத்திவிடும். நீங்கள் போகும் உச்ச உயரம் ஆவணத்தில் எண்ணாக இருக்க வேண்டும்.

நன்கொடை வாக்குறுதியை எப்படி எழுதுவது

இதைப் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். உண்மையில் இது உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. "நான் உச்சியைத் தொடுவேன், நீங்கள் பணம் தாருங்கள்" என்று நூறு பேரிடம் சொல்லிவிட்டுப் போனவர், 4,600 மீட்டரில் தலை வெடிக்கும்போது வழிகாட்டியிடம் "ஒன்றுமில்லை" என்பார். அத்தனை பேரை ஏமாற்றக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

ஆகவே வேண்டுகோளை எழுதும்போதே தெளிவாக எழுதுங்கள்: கொடுக்கும் பணம் முழுவதும் அந்தக் காரியத்துக்குச் சேரும், உச்சியை அடைந்தாலும் பாதியில் இறங்கினாலும் அதில் மாற்றமில்லை, உடல் ஒத்துழைக்காவிட்டால் இறங்கிவிடுவேன். இப்படி எழுதியதால் யாரும் பணத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயணச் செலவை யார் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ஏற்பாடுகளில் நடப்பவரே தன் செலவு முழுவதையும் ஏற்கிறார். வேறு சிலவற்றில் திரட்டும் தொகையின் ஒரு பகுதி பயணத்துக்குப் போகிறது. இரண்டாவது வகையில் சேர்ந்தால், எவ்வளவு பங்கு எதற்குப் போகிறது என்று அமைப்பிடம் எழுத்தில் வாங்கி, கொடுப்பவர்களுக்குக் காட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் முன்பணம் என்னாகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே வந்துவிடும், அதாவது பயிற்சியின் மிகக் கடினமான வாரங்களோடு மோதும். திரட்டும் வேலையைப் பயிற்சி லேசாக இருக்கும் முதல் எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள்

பயிற்சிக்கு முன் ஒரு சோதனை நடை. முதுகில் 5 கிலோ, 12 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் ஏற்றம். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி இந்த நடை மூன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் முடித்து, மறுநாள் வழக்கம்போல் படி இறங்க முடிந்தால் பதினாறு வாரம் போதும். முடியவில்லை என்றால் கீழே வரும் முதல் கட்டத்தை நான்கிலிருந்து எட்டு வாரமாக நீட்டுங்கள்.

பதினாறு வாரம்

முதல் நான்கு வாரம் அடித்தளம். வாரத்தில் மூன்று நாள் 45 நிமிட வேகநடை, வார இறுதியில் ஒரு நீண்ட நடை. அதை இரண்டு மணி நேரத்தில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பையில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும். வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். புதியவர்கள் ஒவ்வொரு நடையையும் பந்தயம்போல் நடந்துவிடுவதுதான் அதிகம் காணும் பிழை. மலையில் தேவைப்படுவது எட்டு மணி நேரம் விடாமல் நடக்கும் மெதுநடை, அது மெதுவாக நீண்ட நேரம் நடந்தால்தான் வளரும்.

இந்த வாரங்களிலேயே வலுப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலால் ஏறுவது, ஒரு காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. அதே படியிலிருந்து இறங்குவது, மனதுக்குள் மூன்று எண்ணி முடியும் வரை மெதுவாக, இதுவும் பத்து முறை மூன்று சுற்று. ஒரு காலை முன்வைத்து முழங்கால் மடக்கி எழுவது எட்டு முறை மூன்று சுற்று. குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது பதினைந்து முறை மூன்று சுற்று. முழங்கையிலும் கால்விரலிலும் உடலை நேராகத் தாங்கும் பிளாங்க், அரை நிமிடமாக மூன்று முறை. கடைசியாக ஒற்றைக் காலில் கண்மூடி நிற்பது. கணுக்கால் பிசகாமல் இருக்க இதைவிட எளிய பயிற்சி இல்லை. எட்டாவது வாரத்துக்குள் படியின் உயரத்தை 30 செ.மீட்டருக்கு மேல் கொண்டுபோய், முதுகில் பையையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

மெதுவாக இறங்கும் பயிற்சியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏறும்போது தொடைத்தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது வகை வேலைதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசலை உண்டாக்கும், வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஒருமுறை பழகிவிட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும். கிளிமஞ்சாரோவில் பராஃபு என்ற கடைசி முகாமிலிருந்து உச்சிக்குப் போகிறவர்கள் இரவில் 1,200 மீட்டர் ஏறுகிறார்கள். அதே நாளில் கீழே உள்ள ம்வேகா முகாம் வரை ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்க வேண்டும். முழங்கால் தடுமாறுவதும் கணுக்கால் சுளுக்குவதும் அந்த இறக்கத்தில்தான்.

ஐந்து முதல் பத்தாவது வாரம் வரை ஏற்றத்தைச் சேர்க்கும் கட்டம். நீண்ட நடையை ஐந்து ஆறு மணி நேரத்துக்கும், ஏற்றத்தை 300-இலிருந்து 800 மீட்டருக்கும், பையை 4 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கும் கொண்டுபோங்கள். ஒரே வாரத்தில் மூன்றையும் கூட்டாதீர்கள்: ஒரு வாரம் நேரம், அடுத்த வாரம் ஏற்றம், அதற்கடுத்த வாரம் எடை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலின் வெளிப்பக்க வலியும், முன்காலெலும்பு வலியும், குதிகால் தசைநாண் வலியும் வருகின்றன. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஓய்வு கொடுங்கள். தசை ஒரு வாரத்தில் தேறிவிடும், தசைநாணுக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

அருகில் மலையே இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாய்வு வைத்த டிரெட்மில்லில் 15 சதவீதச் சாய்வு, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் ஏறியதாகும். கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் உடல் எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிவிடும், எண் பொய்யாகிவிடும். மாடிப்படி என்றால் ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்து, நூறு மாடிக்கு 300 மீட்டர். பெரும்பாலான டிரெட்மில்களில் இறக்கம் கிடையாது என்பதால், அதை மட்டுமே நம்புகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது படிக்கட்டில் இறங்கிப் பழக வேண்டும். முழங்காலுக்கு இறக்கம் புதிது என்றால் பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி மேலே ஏறி, மேலே கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கத் தொடங்குங்கள். எட்டாவது வாரத்திலிருந்து அந்த எடையோடேயே இறங்குங்கள்.

பதினொன்று முதல் பதினான்காவது வாரம் வரை ஒத்திகை. இந்தக் கட்டத்தில் ஒரே நீண்ட நாளை விட, அடுத்தடுத்த இரண்டு நாட்கள் முக்கியம். முதல் நாள் ஆறேழு மணி நேரம், மறுநாள் விடிந்ததும் நான்கைந்து மணி நேரம். களைத்த காலோடு புறப்படுவது எப்படி இருக்கும், எந்த இடத்தில் தோல் உரிகிறது, எந்தப் பட்டை தோளை அறுக்கிறது எல்லாம் இரண்டாம் நாள்தான் தெரியும். இப்படி இரண்டு மூன்று வார இறுதிகளாவது வேண்டும். அதில் ஒன்றை நள்ளிரவில் தொடங்குங்கள்: பழக்கமான, பாதுகாப்பான பாதையில், துணையோடு, தலைவிளக்கு வெளிச்சத்தில் விடியும் வரை நடப்பது. தூக்கமில்லாமல் நடக்கும் உடலையும், அந்த நேரத்தில் தலைதூக்கும் "ஏன் இந்த வேலை" என்ற எண்ணத்தையும் முன்னமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பதினைந்தாவது வாரம் அளவைப் பாதியாக்குங்கள். பதினாறாவது வாரம் சின்னச் சின்ன நடைகள் மட்டும், கடைசி மூன்று நாள் ஒன்றுமில்லை. விட்டுப்போன பயிற்சியைக் கடைசி வாரத்தில் பிடிக்க முயன்றால் களைப்போடு மலைக்குப் போவதுதான் மிச்சம். சளி, காய்ச்சல் இருந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். குணமாகாத நெஞ்சுச் சளியோடு உயரத்துக்குப் போவது ஆபத்து.

உயரப் பயிற்சி முகமூடி என்று விற்பதை வாங்க வேண்டாம். அது மூச்சை இழுப்பதைக் கடினமாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் மாறுவதில்லை, ஆகவே உடல் உயரத்துக்குப் பழகுவதும் இல்லை.

கால்

பூட்ஸை முதல் மாதமே வாங்குங்கள். மாலையில், நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கயிற்றை இறுக்கி, கடையில் இருக்கும் சாய்வுப் பலகையில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள். இடிப்பதை அலட்சியப்படுத்தினால் நீண்ட இறக்கத்தின் முடிவில் கட்டைவிரல் நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்றுவிடும். குறைந்தது 80 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். விமானப் பயணத்தில் பூட்ஸைக் காலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் மற்றவை இரவலாகவோ வாடகைக்கோ கிடைக்கும், பழகிய பூட்ஸ் கிடைக்காது.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாக உறுத்தும். அப்போதே நிற்க வேண்டும். குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டு அரை மணி நேரம் தாங்கினால் தோல் உரிந்து, பிறகு ஐந்து நாள் அதோடு நடக்க வேண்டியிருக்கும். ஈரத்தைத் துடைத்து, ஒட்டும் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். இறக்கம் தொடங்கும் முன் கணுக்கால் பகுதிக் கயிற்றை மறுபடி இறுக்குங்கள். விரல் பகுதியைத் தளர்வாகவே விடுங்கள்.

ஊன்றுகோல் இரண்டு வேண்டும். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடியும் நீளம். ஏறும்போது சற்றுக் குறைத்து, இறங்கும்போது சற்று நீட்டி. பயிற்சியிலேயே பழகாதவர்களுக்கு மலையில் அது காலில் தட்டும் குச்சியாகத்தான் இருக்கும்.

உடையும் பையும்

ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மைனஸ் பத்துக்கும் கீழே போயிருக்கலாம், காற்று வீசினால் இன்னும் மோசம். உடலோடு ஒட்டிய அடுக்கு மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடலைக் குளிரவைக்கும். அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை. நிற்கும்போதும் உச்சி இரவிலும் போட, பறவையின் மெல்லிறகு அடைத்த ஒரு தடித்த டவுன் ஜாக்கெட். கைக்கு மெல்லிய உள்ளுறையும், அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறையும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் இரண்டு மூன்று வெப்பநிலைகளில் "வசதி" எண்ணைத்தான் பார்க்க வேண்டும். "எல்லை" எண் என்பது சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கும் அளவு.

புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடும். பனியிலிருந்து தெறித்து மூக்கின் அடிப்பக்கத்தையும் சுடும். உதட்டுக்குத் தனிப் பூச்சு, பக்கம் மூடிய கறுப்புக் கண்ணாடி, பனிப்பரப்பு இருந்தால் ஒளியை மிக அதிகமாகத் தடுக்கும் நான்காம் வகைக் கண்ணாடி.

பகலில் நீங்கள் சுமப்பது 25 முதல் 35 லிட்டர் பை, அதில் மூன்று லிட்டர் தண்ணீரே மூன்று கிலோ. மொத்தம் ஏழு கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். பெரிய பையைச் சுமைதூக்குபவர் எடுத்து வருவார். கிளிமஞ்சாரோவில் ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு உண்டு, அவருடைய சொந்தப் பொருளையும் அவரே தூக்க வேண்டும். ஆகவே உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். சுமைதூக்குபவருக்கு என்ன கூலி, எத்தனை வேளை சாப்பாடு, குளிருக்கு என்ன உடை, எங்கே தூங்குகிறார் என்று பயண நிறுவனத்திடம் கேளுங்கள். பிறருக்கு உதவப் பணம் திரட்டும் நடையில், நம் சுமையைத் தூக்குபவர் அரைவயிற்றோடு இருக்கக் கூடாது. பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

குடிப்பது, சாப்பிடுவது

தேநீர், சூப் எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அதற்கு மேல் வெறும் தண்ணீரைத் திணித்துக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும், அது உயரநோயைப் போலவே தோன்றிக் குழப்பும். நாளுக்கு ஓரிரு முறை உப்பு சர்க்கரைக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். குளோரின் மாத்திரை போட்டால் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் அதிகம்.

உயரத்தில் பசி மங்கும். பசித்தால் சாப்பிடலாம் என்று இருந்தால் மூன்றாம் நாள் கால் நகராது. மாவுச்சத்து உணவு எளிதாக இறங்கும். கொழுப்பும் பொரித்ததும் வயிற்றில் நிற்கும். பையில் கொண்டுபோகும் நொறுக்குத் தீனி எல்லாம் பயிற்சி நடைகளில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும். கடும் குளிரில் சாக்லேட் பட்டை பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிடும் என்பதால் உச்சி இரவுக்கான தீனியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வயிற்றுப்போக்கும் பலரைத் திருப்பி அனுப்பும் காரணம்தான். சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்பால் கை கழுவுவதில் சோம்பல் கூடாது.

உயரநோயை அடையாளம் காண்பது

புதிய உயரத்துக்கு வந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, அதோடு குமட்டல் அல்லது பசியின்மை, அசாதாரணக் களைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயரநோய் என்றே கொள்ளுங்கள். வெயில், தூக்கக் குறைவு என்று காரணம் தேட வேண்டாம். லேசாக இருந்தால் அதே உயரத்தில் தங்கி, பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன் எடுத்து, முழுதாகத் தெளிந்த பிறகே ஏற வேண்டும். தங்கியிருக்கும்போதே கூடினால் இறங்க வேண்டும். 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிவு வரும்.

இரண்டு நிலைகள் உயிரைப் பறிப்பவை. முதலாவது மூளை வீக்கம்: பேச்சு குழறுவது, முடிவெடுக்கத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் உடனே இறக்க வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், பிறகு நுரை கலந்த அல்லது இளஞ்சிவப்புச் சளி. இது தலைவலி இல்லாமலும் வரும், ஏறிய இரண்டாம் இரவு முதல் நான்காம் இரவுக்குள் அதிகம் வரும். இரண்டிலும் விடியும் வரை காத்திருப்பது தவறு. ஆக்சிஜன் சிலிண்டர், நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் அழுத்தப் பை, டெக்சாமெத்தாசோன், நிஃபெடிபைன் என்ற மருந்துகள் எல்லாம் இறக்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை. இறக்கத்துக்கு மாற்று அல்ல.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த விரலில் அது குறைத்துக் காட்டும். எண் நன்றாக இருக்கும்போதும் ஆள் நோயாளியாக இருக்கலாம். அறிகுறிதான் முதல் சாட்சி.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு, தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் நாளுக்கு இரு வேளை, ஏறத் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. இது அறிகுறியை மறைக்கும் மருந்தல்ல. சிறுநீரகம் வழியாக பைகார்பனேட் என்ற உப்பை வெளியேற்றி மூச்சை ஆழமாக்குகிறது, உடல் தானே செய்யும் வேலையை விரைவுபடுத்துகிறது. விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இயல்பு. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவர் சீட்டு வாங்கி, வீட்டிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரவில் மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வாங்கி, மறுபடி அடங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். உயரத்தில் அது பலருக்கும் வரும். தூக்க மாத்திரையும் மதுவும் அந்த மூச்சை மேலும் மந்தமாக்கும் என்பதால் இரண்டும் கூடாது.

நன்கொடைக் குழுக்கள் பெரும்பாலும் பெரியவை, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் நிறைய. முதல் நாளே இருவர் இருவராகப் பிரித்துவிடுங்கள். காலையும் மாலையும் ஒருவர் மற்றவரிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, தூங்கினாயா, சிறுநீர் என்ன நிறம்? பதிலை வழிகாட்டியிடம் சொல்வது கேட்டவரின் பொறுப்பு. தன் நோயை மறைப்பவர்கூடத் துணைவரின் நோயை மறைக்க மாட்டார்.

உச்சி இரவு

மாலையிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, தூக்கம் வராவிட்டாலும் படுத்திருங்கள். தலைவிளக்கின் மாற்று பேட்டரியையும் செல்பேசியையும் உடலோடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். தண்ணீர்ப்பையின் குழாய் முதலில் உறையும். அதனால் வாயகன்ற பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தலைகீழாகப் பையில் செருகுங்கள். பனி மேற்புறத்தில்தான் கட்டும், மூடி திறக்கும்.

புறப்படும்போது சற்றுக் குளிராக இருக்கும் அளவுக்கே உடுத்துங்கள். கதகதப்பாகப் புறப்பட்டால் இருபது நிமிடத்தில் வியர்த்து, அந்த ஈரம் பிறகு குளிராகத் திரும்பி வரும். ஓர் அடி வைத்ததும் பின்காலின் முழங்காலை நேராக்கி, எடையை எலும்பின் மேல் ஒரு கணம் நிறுத்தி, மூச்சு ஒன்று விட்டு, அடுத்த அடி. தசைக்கு ஒவ்வோர் அடியிலும் சின்ன ஓய்வு கிடைக்கும். முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்க ஐந்து நிமிடம் வேகம் கூட்டினால், அந்தக் கடனை அடைக்க அரை மணி நேரம் ஆகும். நிறுத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிற்கும் முன்பே டவுன் ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப வேண்டிய நேரத்தை முன்னிரவிலேயே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். மேலே, ஆக்சிஜன் குறைந்த மூளையோடு எடுக்கும் முடிவை நம்ப முடியாது. அவர் இறங்கச் சொன்னால் விவாதம் வேண்டாம்.

உச்சியில் பத்துப் பதினைந்து நிமிடம், படம், பிறகு இறக்கம். களைப்பும் நிம்மதியும் சேர்ந்து கவனம் சிதறும் நேரம் அது. சிறு அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி இறங்குங்கள். குடிப்பதையும் சாப்பிடுவதையும் நிறுத்தாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும் மூச்சிரைப்போ இருமலோ நீடித்தால் மருத்துவரிடம் போய், எத்தனை மீட்டர் வரை எந்தத் தேதிகளில் போனீர்கள் என்று சொல்லுங்கள். கிளிமஞ்சாரோ இருக்கும் தான்சானியாவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றினாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.